நாலரைக் கிலோ மகள்

2024 மார்ச் 6, குளுவாங்

காலையில் செம்பனைக் குலை ஏற்றும் ஒரு லாரிக்கு நான்கு டயர் மாற்றினேன். முதுகு இன்னும் என்னுடையதாகத் தெரியவில்லை. மதியம் கடை முதலாளி தவுக்கேயிடம் சொல்லிவிட்டு மனைவி வாசுகியைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். முப்பத்தாறாவது வாரம். கர்ப்பத்தில் வந்த இனிப்பு நீர் நோய்க்காக ஏழாம் மாதத்திலிருந்து அவளே இன்சுலின் ஊசி போட்டுக்கொள்கிறாள். டீவி பார்த்தபடியே குத்திக்கொள்வாள். பக்கத்தில் நிற்கும் எனக்குத்தான் கண் இருட்டும்.

அவள் தினமும் சர்க்கரை அளவை எழுதும் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துத் தாதி "பாகுஸ்!" என்றார். எண்கள் அருமையாம். அந்தச் சந்தோஷத்தில், வெல்லப்பாகும் தேங்காய்ப்பாலும் ஊற்றித் தரும் வழக்கமான செண்டோல் கடையில் நிறுத்தினேன். "பாதிதான்" என்றாள். அந்தப் பாதி மிகப் பெரிய பாதி.

மார்ச் 19

பெண்! ஆபரேஷன் செய்துதான் எடுத்தார்கள். நாலரைக் கிலோ! தாதிகள் ஒருவரையொருவர் கூப்பிட்டுக் காட்டுகிறார்கள். தவுக்கே போனில், "இனிமே கடைக்கு ஜாக் வேண்டாம், உன் மக வந்து லாரியத் தூக்கிடுவா" என்றார். சிரித்துச் சிரித்து எனக்குக் கன்னம் வலிக்கிறது.

மார்ச் 20

பிள்ளை வேகவேகமா மூச்சு விடுறா. நெஞ்சுல ஏதோ சத்தம் கேக்குதாம். ஆம்புலன்ஸ்ல ஜேபி பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிட்டாங்க. வாசுகி தையலோட இங்க. பிள்ளை அங்க. நான் எங்க நிக்கிறது?

மார்ச் 21, ஜேபி

இதயத்தை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். பிள்ளைகள் டாக்டர் ஸ்டெஃபனி நம் தமிழ்ப் பெண். என்னை உட்கார வைத்து ஒரு தாளில் இதயத்தை வரைந்து காட்டினார். கீழே இரண்டு அறைகள், நடுவில் ஒரு சுவர். அந்தச் சுவர் எட்டு மில்லிமீட்டர் தடித்திருக்கிறது. அதில் பாதிதான் இருக்க வேண்டுமாம்.

அம்மா ரத்தத்தில் கூடும் சர்க்கரை வயிற்றுப் பிள்ளைக்கும் போகிறது. பிள்ளையின் உடம்பு அதைச் சமாளிக்க இன்சுலினை அதிகமாகச் சுரக்கிறது. அந்த இன்சுலின் உடம்பை வளர்க்கிறது, இதயத் தசையையும் சேர்த்து வளர்க்கிறது. ஆக, ஆஸ்பத்திரியே கூடி வேடிக்கை பார்த்த அந்த எடைக்கும் இதுதான் காரணம். நான் எத்தனை பேருக்குப் போன் போட்டுப் பீற்றினேன்!

"ரத்தம் வெளிய போற வழி குறுகலா இருக்கு. அதான் மூச்சு வாங்குறா."

"ஆபரேஷன் பண்ணணுமா டாக்டர்?"

"வேணாம். அம்மாவோட சர்க்கரை இனிமே அவளுக்குப் போகாதில்ல, தசை தானா மெலியும். பெரும்பாலான பிள்ளைங்களுக்கு ஆறு மாசத்துக்குள்ள சரியாயிடும். இந்த முதல் வாரந்தான் நாங்க ரொம்பக் கவனமா இருக்கணும்."

பெரும்பாலான. அந்த ஒரு சொல்லோடு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

மார்ச் 23

குளுவாங்கில் வாசுகி அரை மணி நேரம் போராடிப் பிழிந்த பால் பத்து மில்லி. நம்மிடம் இருந்த ஒரே ஐஸ் பெட்டி நான் மீன் பிடிக்கக் கொண்டுபோவது. நன்றாகக் கழுவி, ஐஸ் நிரப்பி, ஜேபி வரை ஓட்டினேன். தாதி திறந்து பார்த்துவிட்டு, "அலமாக்! இவ்வளவுதானா? நான் டுரியான் பழமோன்னு நெனச்சேன்" என்றார்.

பாலை மூக்குக் குழாய் வழியாகக் கொடுத்தார்கள். அந்த வார்டில் மற்ற பிள்ளைகள் எல்லாம் குறைமாதம், உள்ளங்கை அளவு. நடுவில் நம்மவள், மோட்டார் சைக்கிள் நிறுத்துமிடத்தில் லாரியை விட்டதுபோல. பார்த்ததும் சிரிப்பு வந்தது. அப்புறம் கழிவறைக்குப் போய் அழுதேன்.

மார்ச் 25

வாசுகியை வீட்டுக்கு விட்டார்கள். வீட்டுக்கு எங்கே போனோம், நேரே ஜேபிதான். சிம்பாங் ரெங்கம் தாண்டியதும் அழ ஆரம்பித்தாள்.

"புத்தகத்துல பொய் எழுதினேங்க."

ஏழுக்குள் இருக்க வேண்டிய சர்க்கரை பத்தும் பதினொன்றும் வந்த நாட்களில் ஆறு என்று எழுதியிருக்கிறாள். உண்மையை எழுதினால் ஊசி அளவைக் கூட்டிவிடுவார்கள் என்று பயமாம்.

"ஊசிக்கா பயம்? நீ டீவி பார்த்துக்கிட்டே போடுவியே!"

"ஊசியப் பாக்கக்கூடாதுன்னுதான் டீவியப் பார்த்தேன்."

கோபம் வந்தது. மறைக்க மாட்டேன், நிறைய வந்தது. முன்னால் போன லாரிக்கெல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டே ஓட்டினேன். பிறகு செண்டோல் ஞாபகம் வந்தது. வாரா வாரம் வண்டியை நிறுத்தியது யார்?

"செண்டோல் வாங்கிக் குடுத்தவன் நான். என் பேரையும் அதே புத்தகத்துல எழுதிக்க" என்றேன்.

அழுகைக்கு நடுவிலேயே சிரித்துவிட்டாள். "சிரிக்க வைக்காதீங்க, தையல் பிரியுது!" என்று தோளில் ஒரு குத்து.

மார்ச் 26

டாக்டரிடம் இரண்டு பேரும் சொன்னோம். திட்டுவார் என்று தலையைக் குனிந்திருந்தோம். "சர்க்கரைய ஒழுங்கா வச்சிருந்தவங்க பிள்ளைக்கும் இது வரும். ஆனா நெச நம்பர் தெரிஞ்சிருந்தா மருந்தை மாத்தி உங்களுக்கு உதவியிருக்கலாம். இப்பவாவது சொன்னீங்களே" என்றார். ஆறு வாரத்தில் வாசுகிக்கும் சர்க்கரைப் பரிசோதனை.

பிறகு வாசுகியிடம், "விரலைக் குடுங்கம்மா" என்றார். கண்ணாடிப் பெட்டிக்குள் விட்ட அந்த விரலைப் பிள்ளை பிடித்தாள். பிடியை விடுவித்து வர நேரமாகிவிட்டது.

மார்ச் 29

ஆக்ஸிஜன் குழாயை எடுத்துவிட்டார்கள். என்ன அழகான மூக்கு!

ஏப்ரல் 4, குளுவாங்

வீடு. பெயர் ஷர்மினி. தினம் மூன்று வேளை மருந்து, இதயம் அவசரப்படாமல் அடிப்பதற்கு. பாதி வாய்க்குள், பாதி என் சட்டையில். என் சட்டைக்கு இதயக் கோளாறு வரவே வராது.

மே 8

இதயச் சுவர் ஆறரை மில்லிமீட்டர். வாசுகியின் சர்க்கரை சரியாக இருக்கிறது; ஆனாலும் வருஷா வருஷம் பார்க்கச் சொன்னார்கள். முடிவைத் தாளில் அவர்களே அச்சடித்துக் கொடுத்ததைக் காட்டி, "இது நான் எழுதலங்க" என்றாள்.

ஜூலை 17

ஐந்து. சிரிக்கத் தொடங்கிவிட்டாள். ஸ்கேன் எடுக்கும்போதும் சிரிப்பு. படம் ஆடுகிறதென்று மூன்று தடவை எடுத்தார்கள்.

செப்டம்பர் 25

நான்கு! டாக்டர் ஸ்டெஃபனி மருந்தை நிறுத்திவிட்டார். இன்னும் ஒரு தடவை, ஒரு வயதில் வந்து காட்டினால் போதும். ஆஸ்பத்திரி வாசலில் நானும் வாசுகியும் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றோம். ஷர்மினி என் காதைப் பிடித்து இழுத்தாள்.

நவம்பர் 14

ஷர்மினிக்குச் சளி. இரண்டு நாளாக மூக்கு ஒழுகுகிறது. பக்கத்துத் தெருக் கிளினிக்கில் ஒன்றரை மணி நேரம் காத்திருந்தோம். புதிதாக வந்திருக்கும் டாக்டர், நம்மை யாரென்றே தெரியாது. நெஞ்சில் கருவியை வைத்துக் கேட்டார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். "வெறும் சளிதான்" என்றார்.

எழுதிக்கொண்டே கேட்டார். "வேற ஏதாவது நோய் இருக்காம்மா பிள்ளைக்கு?"

"இருந்துச்சு டாக்டர்" என்றாள் வாசுகி, பிள்ளையின் மூக்கைத் துடைத்தபடி.