குரைக்காத இனம்

ஜூன் 8, ஞாயிறு

இன்று ஆராதனை முடிந்து வந்து, இரண்டாவது காபி ஆறுவதற்குள், வீட்டில் ஒரு நாய் வளர்ப்பது என்று முடிவாயிற்று. சேலையூர் வரலாற்றில் இதற்கு உரிய இடத்தைப் பிற்காலத்தார் தரட்டும். நடந்ததைப் பதிவு செய்வது மட்டுமே என் வேலை.

மனைவி டெபோராவின் வாதம்: "சினேகா பெங்களூர் போனதுலருந்து வீட்டுல ஒரு சத்தமே இல்ல." மகள் இல்லாத வீட்டுக்குச் சத்தம் வேண்டுமென்றால் கேட்டில் ராணி இருக்கிறது, வாட்ச்மேன் சுந்தர்சிங்கின் நாய், நம் அடுக்குமாடிக்கே போதுமான சத்தம் அதனிடம் உண்டு. எனக்கு வேண்டியது சத்தமில்லாத நாய். படித்துத் தேர்ந்தெடுத்துவிட்டேன். ஜப்பானியச் சின். கறுப்பும் வெள்ளையும், தட்டை முகம், பூனை மாதிரி முன்காலால் முகம் துடைத்துக்கொள்ளுமாம். பெயரில்தான் ஜப்பான், பூர்வீகம் சீனா என்கிறார்கள், கொரியா என்பவர்களும் உண்டு. அரசர்களுக்குள் அன்பளிப்பாகப் போய் அங்கேயே தங்கிவிட்டதாம். அரண்மனைக்காரர்கள் அதை விற்கவே மாட்டார்களாம். பெரிய உதவி செய்தவர்களுக்குப் பரிசாகக் கொடுப்பதுதான் வழக்கமாம்.

நான் விலைக்குத்தான் வாங்கப்போகிறேன். எனக்கு யாரும் உதவி பாக்கி வைக்கவில்லை.

ஜூன் 13, வெள்ளி

சினேகா பெங்களூரிலிருந்து கொண்டுவந்தாள். ஷோகன் என்று பெயரிட்டேன், பழைய ஜப்பானியப் படைத்தலைவர்களின் பட்டம். வந்ததும் கூடத்தின் நடுவில் தன்னைத்தானே மூன்று சுற்று சுற்றியது. இந்த இனத்தின் வழக்கம் அது என்று விளக்கினேன். டெபோரா அதற்குள் அதை மடியில் எடுத்துக்கொண்டிருந்தாள்.

ஜூன் 15, ஞாயிறு

குடியிருப்போர் சங்கக் கூட்டம். கட்டடத்துக்குள் நாய் கூடாது என்று ஒரு விதி இருக்கிறது. செயலாளர் என்ற முறையில் நான் எழுதியது. எனவே அதை விளக்கும் பொறுப்பும் எனக்கே. ஜப்பானியர் சின்னை நாய்களோடு சேர்த்துச் சொல்வதே இல்லை, நாய்க்கு ஒரு சொல், இதற்குத் தனிச் சொல் என்றேன். பொருளாளர் ஆல்வின் மட்டும், "அப்ப குரைக்காதா சார்?" என்றார்.

குரைக்காது என்றேன். விதிவிலக்கு நிறைவேறியது.

ஜூன் 24, செவ்வாய்

நேர் கீழ் வீட்டு ரத்தினபாய் டீச்சர் படியில் நிறுத்தினார். ரிட்டயரானவர், பகல் முழுக்க வீட்டில் இருப்பவர். "தம்பி, நீங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போனப்புறம் உங்க நாய் அழுவுது" என்றார்.

நான் இனத்தின் இயல்பை எடுத்துச் சொன்னேன். சாந்தம், தன்மானம், தேவையின்றி வாய் திறவாமை. ஏசி வேறு ஓடுகிறது, ஜன்னல்கள் மூடியிருக்கின்றன. குரைத்தாலும் கேட்க வழியில்லை. அவர் கேட்பது ராணியின் குரலாக இருக்கும். டீச்சர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளைகள் சொன்ன காரணங்களையும் இப்படித்தான் கேட்டிருப்பார்.

ஜூலை 2, புதன்

பகல் சத்தம் பற்றி வாட்ஸ்அப் குழுவில் இன்னும் இரண்டு புகார். ராணிதான் காரணம் என்று செயலாளர் பதில் அளித்தார். மாலையில், கீழே தண்ணீர் கேன் வியாபாரம் செய்யும் பென்னி வந்து, "ராணிய வண்டியில ஏத்தி எங்கயாவது தூரமா உட்டுட்டு வந்துடவா சார்?" என்றான்.

நான் சொன்னது: "பாத்துச் செய்ங்க."

சரி என்றும் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. இந்த வாக்கியத்தைக் கண்டுபிடித்தவன் எந்தச் சங்கத்திலோ செயலாளராக இருந்திருக்க வேண்டும்.

ஜூலை 4, வெள்ளி

ராணி இல்லை. கேளம்பாக்கம் தாண்டி இறக்கிவிட்டதாகப் பென்னி சொன்னான். மாலை நான் வண்டியை உள்ளே விடும்போது சுந்தர்சிங் சோற்றுத் தட்டோடு கேட்டருகே நின்றிருந்தார்.

"சார், ராணியப் பாத்தீங்களா?"

இல்லை என்றேன். கண்டிப்பான பொருளில் அது உண்மை.

ஜூலை 8, செவ்வாய்

காய்ச்சல், விடுப்பு. நாள் முழுக்க ஷோகன் என் கால்மாட்டில் படுத்திருந்தது. ஒரு குரைப்பு இல்லை. எங்கும் இல்லை. "பகல் சத்தப் பிரச்சினை நிரந்தரமாகத் தீர்க்கப்பட்டது" என்று குழுவில் அறிவித்தேன். நிறையக் கட்டைவிரல்கள் வந்தன. ரத்தினபாய் டீச்சரின் விரல் வரவில்லை.

ஜூலை 14, திங்கள்

டீச்சர் மறுபடியும். "நாளைக்கு ஆபீஸ் போற மாதிரி கெளம்பி, எங்க வீட்டுக்கு வந்து உக்காருங்க தம்பி. ஒரு காலை போதும்."

சந்தேகத்தைத் தீர்த்துவைப்பது கற்றவன் கடமை. ஒப்புக்கொண்டேன்.

ஜூலை 15, செவ்வாய்

வழக்கம்போலப் பையை மாட்டிக்கொண்டு டெபோராவோடு இறங்கினேன். அவள் பஸ்ஸுக்குப் போனாள். நான் டீச்சர் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். டீ வந்தது.

டீ ஆறவில்லை. மேலே ஒரு சின்னக் குரைப்பு, யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிடுவது மாதிரி. கொஞ்சம் நிறுத்தி, காது கொடுத்துக் கேட்டு, மறுபடி. பிறகு நிறுத்தவே இல்லை. பிறகு அது குரைப்பாகவும் இல்லை. கதவைப் பிராண்டும் சத்தம் கூரை வழியாக இறங்கியது.

டீச்சர் பீன்ஸ் நார் உரித்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. "இப்ப கொஞ்ச நேரம் அடங்கும். யாராவது படி ஏறினா நீங்கதான்னு நெனச்சுத் திரும்ப ஆரம்பிக்கும்" என்றார்.

"டீச்சர், இத நீங்க முன்னாடியே..."

"சொன்னேனே தம்பி."

மேலே ஓடினேன். கதவின் அடிப்பகுதியில் பெயின்ட் பெயர்ந்து மரம் தெரிந்தது. உள்பக்கம், நாங்கள் ஒரு நாளும் குனிந்து பார்க்காத இடம். முன்கால் நகத்தில் ரத்தம். என்னைப் பார்த்ததும் சத்தம் நின்றது. என் செருப்பின் மேல் ஏறிப் படுத்துக்கொண்டது.

படித்தது எதுவும் பொய்யில்லை. மனிதர் அருகில் இருந்தால் குரைக்காது. தலைமுறை தலைமுறையாக மடியைவிட்டு இறக்காமல் வளர்த்த பிராணி. தனியாக இருக்க அதற்கு யாரும் கற்றுத்தரவில்லை. அதுவும் நான் படித்த அதே பக்கத்தில்தான் எழுதியிருந்தது. 'துணைக்கென்றே வளர்க்கப்பட்டது' என்று. அதை நான் எனக்குக் கிடைத்த மரியாதையாகப் படித்துக்கொண்டேன்.

ஜூலை 16, புதன்

அப்போ ராணி?

அது என்ன பண்ணிச்சு? ஒண்ணுமே பண்ணல. கேட்ல படுத்துக்கிட்டு இருந்துச்சு.

சுந்தர்சிங் இன்று காலையும் சல்யூட் வைத்தார். அந்தத் தட்டு கவிழ்த்து வைத்திருக்கிறது. கழுவித்தான் கவிழ்த்திருக்கிறார். சொல்ல வேண்டும். நாளைக்கு.

ஜூலை 17, வியாழன்

சொல்லவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

சொன்னேன். இடையில் 'சங்கம்' என்ற சொல்லைச் சில தடவை பயன்படுத்திப் பார்த்தேன், உதவவில்லை. சுந்தர்சிங் திட்டவில்லை. "கேளம்பாக்கமா?" என்று மட்டும் கேட்டார். சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார்.

பென்னியின் வண்டியில் மூவரும் போனோம். பென்னி இறக்கிவிட்ட இடத்தில் இப்போது ஒரு லாரி நின்றது. கறிக்கடை, டீக்கடை, பஸ் நிறுத்தம், புதிதாக எழும் கட்டடங்கள் எல்லாம் கேட்டோம். சுந்தர்சிங் ஒவ்வொரு சந்திலும் இறங்கி, கேட்டில் நின்று கூப்பிடும் அதே குரலில் கூப்பிட்டார். வேறு நாய்கள் வந்தன. டீக்கடைக்காரர், "செவல நாயா? இங்க எல்லாமே செவலதான்" என்றார்.

திரும்பினோம். வழியில் பென்னி ஒரு தடவை, "நீங்கதான சார் பாத்துச் செய்யச் சொன்னீங்க" என்றான். ஆமாம்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

சங்கக் கூட்டத்தில் எழுந்து, பகல் சத்தம் என் வீட்டு நாயுடையது, ராணி மேல் போட்ட பழி என்னுடையது என்று சொன்னேன். ஆல்வின், "இப்ப நாய்தான்னு ஒத்துக்கிறீங்களா சார்?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நல்ல கேள்வி. வேறொருவனைப் பற்றியதாக இருந்தால் நானே கேட்டிருப்பேன்.

சுந்தர்சிங் சிரிக்கவில்லை. நேற்று அவர் விடுமுறையில் மறுபடி கேளம்பாக்கம் போய்வந்தாராம். தனியாக. படி பெருக்க வரும் எல்லம்மா சொன்னாள்.

ஆகஸ்ட் 6, புதன்

ஷோகனைப் பகலில் யாரிடம் விடுவது? டீச்சருக்கு வீசிங், நாய் முடி ஆகாது. டெபோரா பள்ளிக்கூடத்தை விட முடியாது. நானும் கிண்டி ஆபீஸை விடுமளவு பெரிய மனிதனில்லை. மூன்று வாரமாக மாறி மாறி லீவு போட்டோம், இனி மிச்சமில்லை. பகல் முழுக்க இந்தக் கட்டடத்தில் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பவர் ஒருவர்தான்.

கேட்டேன். வெட்கத்துக்கும் ஓர் எல்லை உண்டு என்று நினைத்திருந்தேன், இல்லை.

"இன்னா சார் இது" என்றார் சுந்தர்சிங். "என் நாய அனுப்பிட்டு, உன் நாய என் மடியில வெக்கிறியா?"

இத்தனை வருடத்தில் அவர் என்னை ஒருமையில் பேசியது இதுதான் முதல் தடவை. ஷோகனைத் தூக்கிக்கொண்டு மேலே வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

மாலை வந்தபோது வீடு காலி. பயந்து இறங்கினேன். மாடிப்படிக்குக் கீழே வாட்ச்மேன் அறை, ஃபேன் சுற்றுகிறது, அவர் மடியில் ஷோகன். எல்லா வீட்டுக்கும் ஒரு சாவி அவரிடம் இருக்கும்.

"அழுதுகினே கீது. எனக்கு இன்னா காது செவிடா?" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. நாயைத்தான் பார்த்துச் சொன்னார்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

அவர் அதைச் சின்னா என்று கூப்பிடுகிறார். ஷோகன் என்றால் திரும்பாதது அதற்குத் திரும்புகிறது. வயிறு மென்மையான இனம் என்று படித்திருந்தேன், தயிர்சாதம் சாப்பிடுகிறது. ராணியின் தட்டில்.

மாலை கூப்பிட்டேன். தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டது. தூக்கிக்கொண்டு வந்தேன்.

செப்டம்பர் 7, ஞாயிறு

கேளம்பாக்கம். நானும் சுந்தர்சிங்கும், என் வண்டியில். இல்லை. திரும்பும் வழியில் டீ வாங்கிக்கொடுத்தேன். குடித்தார்.

செப்டம்பர் 14, ஞாயிறு

சுந்தர்சிங் வேலையை விட்டுவிட்டார். ஊரப்பாக்கத்தில் மகள் வீட்டோடு போகிறார். காலையில் ஆட்டோ வந்தது. அவர் எதுவும் கேட்கவில்லை. டெபோரா, சீப்பு, மெத்தை, மருந்து எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு இறங்கினாள். நான் ஷோகனைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். அவர் பையை வாங்கி ஆட்டோவில் வைத்தார். பிறகு நாயை வாங்கக் கையை நீட்டினார்.

செப்டம்பர் 19, வெள்ளி

மாலையில் படியில் ரத்தினபாய் டீச்சர். பகலில் இப்போது எந்தச் சத்தமும் இல்லை என்றார்.