ஜூரிக்காரர் என் மச்சான்

12-7-1968, வெள்ளி இரவு

குந்தாரப்பள்ளி சந்தைக்கு ஆடு வாங்கப் போய், வயிற்றெரிச்சலோடு திரும்பினேன். ஊர் ஆட்களே உட்கார்ந்து குற்றவாளியா இல்லையா என்று சொல்லும் ஜூரி முறையை எடுத்துவிட்டார்களே, அதைக் கோர்ட்டில் மறுபடியும் கொண்டுவரலாமா என்று டீக்கடையில் பேச்சு. எல்லாத் தலையும் என் மனைவியின் அண்ணன் பக்கம் திரும்பியது. எப்போதோ சேலம் கோர்ட்டில் ஒரே ஒரு கேசுக்கு ஜூரியாக உட்கார்ந்தவர். ஊருக்கு இன்றும் அவர் ‘ஜூரிக்காரர்’.

“வேணாம்ப்பா. ஆளப் புடிக்கலன்னா, சாட்சியக் கேக்கறதுக்கு முன்னாடியே குத்தவாளின்னு முடிவு பண்ணிடறாங்க” என்றார்.

“நீங்க உக்காந்துட்டீங்க, மத்தவன் உக்காரக் கூடாதா மச்சான்? ஜூரி வந்தே ஆவணும்!” என்று கத்திவிட்டேன். அவர் சிரித்தார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் பொருமினேன். “எங்கண்ணன் மேலயே கேஸு வந்து, நீங்க ஜூரியா உக்காந்தா?” என்று கேட்டாள்.

என்ன கேஸ் என்று கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. அதற்குள் மனசு அவரைக் குற்றவாளி என்று முடிவுகட்டிவிட்டது.