எதிர்த்தரப்புப் பத்தி

நேற்று மந்தைவெளி எலும்பு டாக்டரிடம் என் மகளின் கைக்கு மாவுக்கட்டு போட்டார்கள். சைக்கிளிலிருந்து விழுந்துவிட்டாள். அந்த ஈரமாவு வாசனை மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம் வந்தது. அதைவிட வேகமாகக் கோபம் வந்தது. "யாரை அடிக்கப் போறீங்க மேடம்?" என்று டாக்டர் சிரித்தார். முஷ்டியை மடக்கி வைத்திருந்தேன் போலிருக்கிறது.

பிளஸ் ஒன் படிக்கும்போது நம் இருவரை மட்டும் பொறுக்கியெடுத்து, பக்கத்துக் கல்லூரியின் முதலாண்டு ஆங்கிலக் கட்டுரை வகுப்புக்கு அனுப்பினார்கள். ரெட்டைச் சடையும் யூனிஃபார்முமாகக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்போம். எனக்கு அது வெறும் பெருமை. உனக்கு உயிர். "இத பாஸ் பண்ணா காலேஜ் சீட்டு, ஹாஸ்டல் ரூம். அந்தாளு மூஞ்சில முழிக்க வேணாம்டி" என்பாய். அந்தாள் உன் அப்பா. ஞாயிறு பூசையில் பைபிள் வாசகம் வாசிப்பவர். அந்தக் குரலில் கோயிலே உருகும். சாந்தோம் வீட்டுக்குள் அவர் உன் அம்மாவை பெல்ட்டால் விளாசுவார்.

வகுப்பில் ஒரு விதி உண்டு. எதிராளியின் பக்கத்தை அவனே ஒத்துக்கொள்ளும்படி ஒரு பத்தி எழுத வேண்டும். அதன் பிறகுதான், அடுத்த பத்தியில், அதை மறுத்து வெட்டலாம். மனைவியை அடிப்பவனை ஜெயிலில் போட வேண்டும் என்று நீ எழுதிய கடைசிக் கட்டுரை, அந்தப் பத்தி இல்லாததால் திரும்பி வந்தது.

"தெரியாதத எப்டிடி எழுதறது? கேட்டாத்தான தெரியும்?" என்றாய். அன்று மாலை உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உன் பக்கத்தில் நானும் இருந்தேன். அப்பா உள்ளே வந்ததும் பேனாவைத் திறந்துகொண்டு கேட்டாய்: "அம்மாவ ஏன்ப்பா அடிக்கிறீங்க? உங்க பக்கத்தையும் எழுதணும்."

அவர் வாட்சைக் கழற்றிப் பத்திரமாக மேஜையில் வைத்தார். பிறகு உன் வலது கையைப் பிடித்து முறுக்கினார். எலும்பு உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. குறுக்கே வந்த அம்மாவின் தலையைச் சுவரில் மோதினார், திரும்பத் திரும்ப. சுவரெல்லாம் ரத்தம். பிறகு என்னைப் பார்த்து, "இருட்டுதும்மா, பாத்து வீட்டுக்குப் போ" என்றார். அதே பூசைக் குரல்.

நான் போகவில்லை. ஆஸ்பத்திரிக்கு உங்களோடு வந்தேன். அங்கே அம்மா, "படியில விழுந்துட்டோம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். உன் கையில் போட்ட மாவுக்கட்டு காய்வதற்குள் நீ என்னை எழுதச் சொன்னாய். நீ பல்லைக் கடித்துக்கொண்டு ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல எழுதினேன். ஆபீசில் அவர் படும் அவமானம், அவருடைய அப்பா அவரை அடித்து வளர்த்தது, அடித்த பிறகு அவர் தனியாக உட்கார்ந்து அழுவது.

"பாவம்ல?" என்றாய்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இன்னாடி பாவம்? அந்தாளக் கொல்லணும்."

"அது அடுத்த பத்தி. இத மொதல்ல எழுது."

பாஸானாய். பிளஸ் டூ முடிந்ததும் ஹாஸ்டலுக்குப் போனாய். அங்கேயே இருந்து தொலைத்திருக்கலாம். கிறிஸ்துமஸ் லீவில் அம்மாவைக் கூட்டிப்போக அந்த வீட்டுக்குத் திரும்பினாய். மாடிப்படியின் உச்சியில் வைத்து அவர் உன்னை எட்டி உதைத்தார். மண்டை உடைந்து அங்கேயே செத்துப்போனாய். இந்தத் தடவை அம்மா, படியில் விழுந்தாள் என்று சொல்லவில்லை. கோர்ட்டில் கூண்டேறி, "உதைச்சாரு. நான் பாத்தேன்" என்றார்.

உன் அம்மா இப்போது அசோக் நகரில் என்னோடுதான் இருக்கிறார். அந்தப் பத்தி இன்னும் எனக்கு ஒரு சொல் பிசகாமல் வரும். ஆனால் உன் மனசு எனக்கு வரவில்லை. இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் அவரைப் பாவம் என்று நினைத்ததில்லை, நினைக்கவும் மாட்டேன்.

ஜெயில் முடிந்து, போன மாதம் அவர் வந்து கதவைத் தட்டினார். கிழவராகிவிட்டார். "என் பக்கத்தையும் கொஞ்சம் கேளும்மா" என்றார்.

"கேட்டாச்சு. உங்க பொண்ணு சொன்னா, நான் எழுதினேன். உங்களவிட நல்லாவே சொன்னா" என்று முகத்தில் அறைவது போலக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன்.

உள்ளே அம்மா தட்டிலிருந்து தலையைத் தூக்கி, "யாரும்மா?" என்றார்.

"யாருமில்லம்மா. நீங்க சாப்பிடுங்க."