எனக்கும் இருந்த வால்

2024 மார்ச் 5
இன்றைக்கும் பஸ்ஸில் மீனம்மாக்காவுக்கு என் சீட்டைக் கொடுத்தேன். "தங்கமான புள்ள நம்ம நிஷாந்தி" என்று இறங்கும்வரை ஊருக்கே கேட்கச் சொல்லிக்கொண்டு வந்தார். தங்கமும் இல்லை, பித்தளையும் இல்லை. என்னால் உட்கார முடியவில்லை, அவ்வளவுதான்.

முதுகெலும்பு முடிகிற இடத்தில் வலி. மூலம் என்று மருந்து குடித்தும் ஆச்சு. அம்மா, நான் மலையில் வழுக்கி விழுந்ததுதான் காரணம் என்கிறாள். தேயிலைக் கொழுந்தெடுக்கப் போகிறவர்களின் குழந்தைகளைப் பிள்ளைக்காம்பராவில் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். ஒன்றையும் மடியில் வைக்க முடியவில்லை. நின்றுகொண்டே போத்தலில் பால் கொடுக்கிறேன்.

மார்ச் 21
கண்டி ஆஸ்பத்திரி. டாக்டர் லோஜனா யாழ்ப்பாணத்து ஆள். கையுறை போட்டுப் பின்வழியாகச் சோதித்தார். வெட்கத்தில் சுவரையே பார்த்துக் கிடந்தேன். மூலம் இல்லையாம். குடலுக்கும் எலும்புக்கும் நடுவில் மெத்தென்று ஏதோ இருக்கிறதாம்.

ஏதோன்னா? கேன்சரா?

"படம் எடுத்துப் பாத்திட்டுச் சொல்லுறன், பயப்பிடாதேங்கோ." பயப்படாம எப்படி இருக்கிறதாம்?

ஏப்ரல் 4
எம்.ஆர்.ஐ. படம் வந்துவிட்டது. நீர்க்கட்டி. அதிலும் அபூர்வமான வகையாம். டாக்டர் சொன்னது அப்படியே: "அம்மான்ர வயித்துக்க இருக்கேக்க உங்களுக்குச் சின்ன வால் ஒண்டு இருந்தது, அதுக்குள்ள துளி குடலும். எல்லாருக்கும் இருந்ததுதான். பிறக்க முன்னமே கரைஞ்சு போயிடும். உங்களுக்குக் கொஞ்சம் மிஞ்சி, இந்தக் கட்டியாப் போச்சு."

ஊசி குத்தி உறிஞ்சக் கூடாதாம். முழுசாக எடுத்துச் சோதித்தால்தான் கேன்சரா இல்லையா என்று தெரியும்.

வீட்டில் சொன்னேன். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அதான் சின்னதுல அந்த ஆட்டம் ஆடுன." அப்புறம் அழுதாள்.

ஏப்ரல் 5
தொட்டிலில் தூங்குகிற ஒவ்வொன்றையும் பார்த்தேன். இதுங்க எல்லாத்துக்கும் வால் இருந்துச்சு! காலையில் ஆள் பிரிக்கிற பெரட்டில் கத்துகிற கங்காணி ராமையாவுக்கும். தோட்டத்துப் பெரிய துரைக்கும்!

மே 14
நாளைக்கு ஆபரேஷன். பின்பக்கம் வெட்டி, அடியெலும்பில் சின்னத் துண்டையும் சேர்த்து எடுப்பார்களாம். பயமாத்தான் இருக்கு சாமி.

மே 19
கவிழ்ந்து படுத்தபடி எழுதுகிறேன். வெட்டி எடுத்த கட்டியை டாக்டர் போனில் படமாகக் காட்டினார். பெரிய எலுமிச்சம்பழம் அளவு, சாம்பல் நிறம். அருவருப்பு வரும் என்று நினைத்தேன். வரவில்லை. கையெடுத்துக் கும்பிடத்தான் தோன்றியது. எனக்குப் பேர் வைக்கிறதுக்கு முந்தி, நான் வயிற்றில் இருப்பது அம்மாவுக்கே தெரிகிறதுக்கு முந்தி வந்தது இது. யாரும் பார்க்காத அந்த இருட்டில் அத்தனை வேலை நடந்திருக்கிறது! அதில் ஒரு துளி மிஞ்சியதை, ஒரு விரல் தொட்டுக் கண்டுபிடித்திருக்கிறது. எதை நினைத்து ஆச்சரியப்படுவது என்றே தெரியவில்லை.

சோதனை முடிவு இன்னும் வரவில்லை.

ஜூன் 6
கேன்சர் இல்லை. இல்லை. இல்லவே இல்லை.

ஜூலை 22
மறுபடி வேலை. பஸ்ஸில் ஜன்னல் சீட். உட்கார்ந்தேன் — சரிந்து சாயாமல், ராணி மாதிரி. வழியில் மீனம்மாக்கா ஏறினார். வழக்கம்போல நேராக என் பக்கத்தில் வந்து நின்றார்.

நான் எழும்பவில்லை.

"பையக் குடுங்கக்கா," என்றேன். "மடியில வச்சுக்கிறேன்."