மூடி வேர்த்த மீன்தொட்டி

மேட்டூர் அணையில் தினமும் நீர்மட்டம் அளந்தெழுதுகிற கைலாசம், வீட்டு மீன்தொட்டியில் தண்ணீர் குறைவதற்கு மனைவிதான் காரணமென்று அவளிடம் இரண்டு நாளாகப் பேசவில்லை. பரமத்தி வேலூருக்கு, அப்பா வீட்டுக்குக் கிளம்பிய சாரதாமணி தொட்டிமேல் சீட்டு வைத்தாள்:

"ஏனுங்க, சோறு அடுப்படியில இருக்குது. தண்ணிய நான் எடுக்கலீங்க. கண்ணாடி மூடி வேர்த்து, விளிம்பு வழியா மேசையில ஓடுது. இட்லிச் சட்டி மூடியப் பாத்தவளுக்குத் தெரியாதா? உள்பக்கமாச் சரிச்சு வெச்சிருக்கேன். இனி தொட்டியிலயே சொட்டும். எங்கய்யன் தோட்டத்து வெத்தலைக்கொடிய மீனுக்கு நட்டீங்களே, அது அழுகி, மீனெல்லாம் மேல வந்து வாயப் பொளந்துச்சு. புடுங்கிட்டேன். ஈரம் கேக்குற கொடிதானுங்க, முங்கிக் கெடந்தா சாகும். வேற கொடி கொண்டாரேன், கொல்லையில அகத்தி மேல ஏத்தலாம்."

அடியில் இடமில்லாமல் நெருக்கி எழுதினாள்: "அணையில தண்ணி கொறஞ்சா யாருகிட்டப் பேசாம இருப்பீங்க?"