உன் அம்மா வீட்டில் சார்ஜ் போட்ட நாள்

என் மாதேஷுக்கு,

சௌக்கியமா என்று கேட்கத்தான் கை வருகிறது. நீ போய் நாலு வருஷமாகியும் இந்தப் பழக்கம் விடவில்லை. உன் அம்மா முன்னால் மட்டும்தான் உன்னை 'நீங்க' என்பேன். இங்கே நாம் ரெண்டு பேர்தான், அதனால் 'நீ' என்றே எழுதுகிறேன். ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கோபப்படாமல் முழுசும் படி. நான் மறுபடி கல்யாணம் செய்துகொள்ளப் போகிறேன்.

அவர் பெயர் குமரேசன். சேலத்துக்காரர், நம் கம்பெனி ஸ்டோர்ஸில் இருக்கிறார். நீ போன பிறகு சேர்ந்தவர், உனக்குத் தெரியாது. நல்ல மனுஷன். ஆனால் நல்ல மனுஷன் என்பதற்காகவோ, நம் பாப்பாவுக்குத் துணை வேண்டும் என்பதற்காகவோ மட்டும் இல்லை. எனக்கு அவரைப் பிடித்திருக்கிறது. உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

என் பயமெல்லாம் உன் அம்மாவை நினைத்துத்தான். சங்கரன்கோவிலில் என்னைப் பெற்றவள் செத்த பிறகு எனக்கு அம்மா என்று இருப்பது அத்தை ஒருத்திதான். இதைச் சொன்னால் அவரும் கையை விட்டுப் போய்விடுவார், 'எம் பையன் புள்ளய எங்கிட்ட குடுத்துடு' என்று பாப்பாவைக் கேட்பார் என்று ஆறு மாசமாக வாயைத் திறக்கவில்லை. போனில் சொல்லவும் மனசு வரவில்லை. போன சனிக்கிழமை லீவு போட்டு, பாப்பாவைக் கீழ் வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டு, வண்டியை எடுத்தேன்.

வண்டி வாங்கியது உனக்குத் தெரியாதே! எலக்ட்ரிக் ஸ்கூட்டர். சிரிக்காதே. 'கரண்டுல ஓடறதுக்குப் பேரு வண்டியா? அது மிக்ஸி' என்று கம்பெனி லைனில் எல்லாரையும் சிரிக்க வைத்தவன் நீ. இப்போது ஓசூர் முழுக்க உன் மிக்ஸிதான் ஓடுகிறது, போ.

போய் நிற்பது, சொல்வது, ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பது, கிளம்பிவிடுவது. இதுதான் என் திட்டம். ஆனால் காலையில் என்ன செய்தேன் தெரியுமா? உன் ஊருக்குத் தேன்கனிக்கோட்டை வழியாக நேர் ரோடு இருக்க, சூளகிரிப் பக்கம் வண்டியைத் திருப்பினேன். நேராகப் போனால் ஒன்பது மணிக்கெல்லாம் போய்ச் சேர்ந்துவிடுவேனே என்ற பயம்.

ஹைவேயில் லாரிகளுக்கு நடுவே போய், சூளகிரியில் டீ குடித்து, உத்தனப்பள்ளி வழியாக உள்ளே நுழைந்தேன். நீ என்னைப் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிப்போன ரோடுதான். பாறை மலைகள் அப்படியே இருக்கின்றன, அடிவாரத்தில்தான் புதுசு புதுசாக ஷெட்டுகள். ரோஜாப்பூ கொட்டகைகள், தக்காளிக் காடு, ஒரு மேடு, ஒரு பள்ளம், திரும்ப ஒரு மேடு. இறக்கத்தில் பேட்டரி ஒரு சதவீதம் ஏறினால் அடுத்த ஏற்றத்தில் மூன்று போனது. எனக்கு அதெல்லாம் அப்போது உறைக்கவே இல்லை. அத்தையிடம் எந்த வார்த்தையில் தொடங்குவது என்று ஹெல்மெட்டுக்குள் பேசிப் பார்த்துக்கொண்டே போனேன்.

தேன்கனிக்கோட்டையில் பார்த்தால் இருபத்தெட்டுதான் இருக்கிறது. அங்கே பேக்கரிக்காரர் வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இதுல அந்த மேட்ட ஏறிடுவியாக்கா?" என்றார். "ஏறிடும்ணே" என்றேன் பெரிய இவள் மாதிரி. மலை ரோட்டில் பாதி ஏறியதும் வண்டி ஆமை வேகத்துக்கு வந்துவிட்டது. புல்லுக்கட்டு ஏற்றிய மொபெட் ஒன்று என்னை முந்திப் போனது. அதை ஓட்டியவர் திரும்பி, "தள்ளணுமாம்மா?" என்று கேட்டார். மானம் போயிற்று. யானை நடமாட்டம் என்று போர்டு வைத்திருந்த இடத்தில், யானை வந்தால் வண்டியைப் போட்டுவிட்டு ஓடுவதுதான் வேகம் என்று நினைத்துக்கொண்டேன். உன் வீட்டு வாசலில் போய் நின்றபோது மீதி ஆறு சதவீதம்.

உன் பைக் என்றால் கீழ்த் திருப்பத்திலேயே அத்தைக்குக் கேட்டுவிடும். இதற்குச் சத்தமே இல்லை. தக்காளிச் செடிக்குக் குச்சி கட்டிக்கொண்டிருந்தவர், நான் பக்கத்தில் போய் நின்றதும் தூக்கிவாரிப் போட்டுத் திரும்பினார். "ஏம்மே, திருடியாட்டம் வந்து நிக்கற!" என்று சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை.

முழுசாக சார்ஜ் ஏற ஐந்து மணி நேரம் ஆகும். வெளிச் சுவரில் இருக்கும் ப்ளக்கில் மாட்டினேன். அரை மணியில் ஓடிவிடலாம் என்று வந்தவள் வசமாக மாட்டிக்கொண்டேன். அத்தை களி கிண்டி, அவரைக்கொட்டைக் குழம்பு வைத்தார். பாப்பா என்ன படிக்கிறாள், பல் விழுந்ததா, இன்னும் சுவர்ப் பக்கம் திரும்பித்தான் தூங்குகிறாளா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். களியை உருட்டிக்கொண்டே பதில் சொன்னேன்.

சாப்பிட்ட பிறகு அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தோம். இதற்கு மேல் தாங்காது என்று தோன்றியது. "அத்தை, நான் இன்னொரு கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கேன்" என்றேன்.

அத்தையின் கை நின்றது. என் முகத்தைப் பார்க்கவில்லை. கையிலிருந்த காயை முறத்தில் போட்டார், எழுந்தார், வெளியே போய்விட்டார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை மாதேஷ்.

ஒரு மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பிறகு வண்டியைப் போய்ப் பார்த்தால் நாற்பத்தாறில் நிற்கிறது. வயர் தரையில் கிடந்தது. யாரோ ப்ளக்கைப் பிடுங்கியிருக்கிறார்கள். வேறு யார் இருக்கிறார்கள் அந்த வீட்டில்? இந்த வீட்டுக் கரண்டுகூட இனி உனக்கு இல்லை, போ என்கிறார் என்று நினைத்தேன். உன்மேலும் ஆத்திரம் வந்தது. ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் தூங்கியவன் தூக்கத்திலேயே போய்விடாமல் எழுந்து வந்திருந்தால் எனக்கு இந்த நிலைமை வருமா? அழுதுகொண்டே ஹெல்மெட்டை மாட்டினேன். இறக்கம்தானே, நாற்பத்தாறு போதும் ஓசூர் போக.

கொல்லைப் பக்கமிருந்து அத்தை வந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "எங்க கெளம்பிட்ட?"

"ப்ளக்கைப் புடுங்கிட்டீங்களே அத்தை. போன்னுதானே அர்த்தம்?"

"அறிவு கெட்டவளே! போகச் சொல்றவ எதுக்குடி ப்ளக்கப் புடுங்கப் போறா? நல்லா சார்ஜ் ஏத்தி இல்ல அனுப்புவா!" என்று கத்தினார். "சொல்லிட்டு ஓடிடலாம்னுதானே வந்த? வந்ததுலருந்து அந்த வண்டியவே பாத்துக்கினு இருக்கற. எனக்கு அழுவறதுக்கு நேரம் வேணாமா? நாலு வார்த்த கேக்க வேணாமா? இன்னிக்கு இரு."

ஹெல்மெட்டோடு அவர் தோளில் சாய்ந்துவிட்டேன். "அந்தச் சட்டியக் கழட்டுடி, குத்துது" என்றார்.

கீழ் வீட்டு அக்காவுக்குப் போன் செய்து, பாப்பாவை அங்கேயே தூங்க வைக்கச் சொன்னேன். பொழுது சாய அடுப்படியில் விசாரணை ஆரம்பித்தது. குடிப்பானா? கை நீட்டுவானா? அம்மா இருக்காளா? ஊர் என்ன பேசும் என்று ஒவ்வொன்றாக அடுக்கினார். கடைசியில் மெதுவாக, "பாப்பா அவன என்னான்னு கூப்புடுது?" என்றார்.

"அங்கிள்னு."

அத்தை விறகை உள்ளே தள்ளினார். "ஒரே வூட்ல இருக்கப்போறவன அங்கிள்னா கொழந்தைக்கு ஒட்டாது. அதுவா அப்பான்னு கூப்ட்டா தடுக்காத" என்றவர், "மாதேசு கோவிச்சுக்குவானா?" என்று என்னைக் கேட்டார். நீ கோபித்துக்கொள்வாயா? சொல்லேன்.

காலையில் எழுந்து பார்த்தால் அத்தையே ப்ளக்கை மாட்டிவைத்திருந்தார். நூறு காட்டியது. "வர்ற ஞாயித்துக்கெழமை அவனக் கூட்டிக்கினு வா. பஸ்ல வேணாம், இதுலயே வாங்க. அஞ்சு மணி நேரம் உக்காந்தே ஆவணுமில்ல, ஆளு எப்பிடின்னு நான் பாத்துக்கறேன்" என்றார். குமரேசனிடம் இதைச் சொன்னபோது மனுஷனுக்கு வேர்த்துவிட்டது.

நான் கிளம்பும்போது பக்கத்துக் காட்டு நாராயணப்பா வேலி ஓரம் நின்று, "என்னாக்கா, ராத்திரியெல்லாம் வாசல்ல புது வண்டி நிக்குதே, யாரு?" என்றார். அத்தை ஏதாவது சொல்லி மழுப்புவார் என்று நினைத்தேன்.

அத்தை இடுப்பில் கை வைத்துக்கொண்டு, ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னார்: "எம் மருமவடா. அவளுக்குக் கல்யாணம் வெச்சிருக்கறன். நீயும் வந்து சேரு."

மாதேஷ், அந்த வீட்டுக்கு நான் போவது நிற்காது. பாப்பாவுக்கு உன் முகத்தை மறக்க விடமாட்டேன். இது சத்தியம்.

இந்தக் கடிதம் வரைக்கும் உன் பெண்டாட்டி,
எந்நாளும் உன் அம்மாவுக்கு மருமகள்,
தனம்