குளிர்காலக் கோப்புறை

ஜூலை 8
கணினியின் கறுப்புத் திரையில் ஒரு வரிக் கட்டளை தட்டினால் போதும். பெரிய கோப்புறையில் கிடக்கிற நம் கிரீ பழங்குடி மொழிச் சொற்களையெல்லாம் மென்பொருள் கருவி அள்ளிச் சேர்த்து அகராதியாகக் கட்டிவிடுகிறது. பிறகு எந்தக் கிரீ வாக்கியத்தைக் கொடுத்தாலும் கணினி சொல் சொல்லாகப் பிரித்துக் காட்டும். இன்று ஒவ்வொரு சொல்லுக்கும் பதிவுகளிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு வரியும் வரும்படி செய்தேன். அது இல்லாமல் சொல்லைக் கொடுத்து எனக்குப் பழக்கமே இல்லை.

வலை, மீன், பனிக்கட்டி பற்றிய சொற்கள் எல்லாம் அல்போன்ஸ் சொன்னவை. எனக்கு மச்சான் முறை. கேலி பேசாமல் உட்கார மாட்டான். இன்றும் வந்து நான் சுட்ட ரொட்டியைத் தின்றுவிட்டு, "இதை ஏரியில போட்டா மீனெல்லாம் செத்து மிதக்கும் டீச்சரம்மா" என்றான்.

ஜூலை 12
எப்படி எழுதுவது?

ஊர்க்கூடத்தில் அகராதியைக் காட்டினேன். அல்போன்ஸின் தங்கை பெர்னடெட் 'காற்று' என்று தட்டினாள். பெரிய திரையில் எடுத்துக்காட்டு வந்தது, அடியில் அல்போன்ஸின் பெயரோடு. ஜனவரியில் அவன் எனக்குச் சொன்ன கதையின் வரி. குளிர்காலக் கதை. தரையில் பனி இருக்கும்போது மட்டுமே வாய் திறந்து சொல்ல வேண்டிய கதை. "பனி உருகினதும் பூட்டி வெச்சிரு" என்று சொல்லித்தான் பதிவு செய்யவிட்டான்.

தனிக் கோப்புறையில்தான் வைத்தேன். ஆனால் அதைப் பெரிய கோப்புறைக்குள்ளேயே வைத்தேனே! உள்ளே இருப்பதையெல்லாம் எடு என்று கட்டளை கொடுத்தவளும் நான்தானே.

பெர்னடெட் பையை எடுத்துக்கொண்டு வெளியேறினாள். ஒவ்வொருவராக எழுந்தார்கள். அல்போன்ஸ் கடைசியில் வந்தான்.

"ரொம்ப சிரமப்பட்டிருக்கீங்க டீச்சர். நன்றிங்க."

நீங்க. பிறந்ததிலிருந்து என்னை அப்படி அழைத்ததில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

ஜூலை 13
கருவியின் கோளாறு என்று சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். சீ, என்ன புத்தி இது.

ஜூலை 20
அல்போன்ஸ் வீட்டுக்குப் போனேன். தப்பு என்னுடையது என்றேன். கதைப் பதிவு இருந்த பென் டிரைவை மேசையில் வைத்தேன். வேறு பிரதி இல்லை, கணினியில் இருந்ததை அழித்துவிட்டேன். டீ ஊற்றிக் கொடுத்தான். இனிமேல் சொல் சொல்ல வரமுடியாதுங்க என்றான், மிக மரியாதையாக. வாசல்வரை வந்து வழியனுப்பினான்.

ஆகஸ்ட் 3
குளிர்காலக் கதைகளுக்கென்று, பெரிய கோப்புறைக்கு வெளியே ஒரு தனிக் கோப்புறை செய்தேன். கட்டளையில் 'பனி' என்று நானே சேர்த்துத் தட்டினால் ஒழிய கருவி அதைத் தொடாது. காலிக் கோப்புறைக்கு இத்தனை காவல். முன்பே செய்திருக்க வேண்டாமா?

செப்டம்பர் 14
கடையில் அல்போன்ஸைப் பார்த்தேன். "சௌக்கியமா இருக்கீங்களா?" என்றான்.

அக்டோபர் 21
விடிந்து பார்த்தால் முற்றம் வெள்ளை. பூட்ஸை உதறிக்கொண்டு அல்போன்ஸ் வாசலில் நின்றான். கையில் அந்தப் பென் டிரைவ். செய்திருக்கிற மாற்றத்தைச் சொன்னேன். கணினியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பனி விழுந்தது இதுக்குத் தெரியுமா?"

"தெரியாது. நான்தான் சொல்லணும்."

"அப்ப ஜன்னல்ல பாத்துட்டுத் தட்டு. மூக்குக்கண்ணாடியத் தொடச்சுக்க முதல்ல. தரையில மாவு சிந்திக் கிடந்தாலும் பனின்னு தட்டிருவ நீ."

கண்ணாடியைக் கழற்றினேன். துடைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.